பீரோவுக்குப் பின்னால்

ஜனவரி 17, செவ்வாய்

பேங்கில் வருஷத்துக்கு ஒன்று என்று எனக்கும் ஒரு டைரி கொடுப்பார்கள். போன வருஷத்து டைரி முழுக்க மகள் இனியா மயில் வரைந்து முடித்தாள். இது சும்மா கிடக்கிறதே என்று எழுத உட்கார்ந்தேன். பட்டாளத்தில் இருந்தபோது தினம் இரண்டு வரியாவது ரிஜிஸ்தரில் எழுதிப் பழக்கம்.

அமுதா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடியாத்தத்தில் அவள் அண்ணன் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருக்கிறாள். நான்கு நாள் ஆகிறது. நாளை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். இன்று மாலை ரயிலில் வந்துவிடுவார்கள்.

காலையில் வீடு கூட்டினேன். கட்டிலுக்கு அடியில் தருணின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கழுவி வெயிலில் வைத்தேன். மதியம் சோறும் மிளகு ரசமும். கைப்பழக்கத்தில் நான்கு பேருக்கு வடித்துவிட்டேன். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

மாலை ரயிலில் வரவில்லை.

ஜனவரி 18, புதன்

காலை ஏழு மணிக்கு அமுதா போன் செய்தாள். இனியாவைத் தினமும் குடியாத்தத்திலிருந்தே ரயிலில் கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டிப்போகிறாளாம். தருண் கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போகமாட்டானாம். யூ.கே.ஜி.தானே, ஒன்றும் குறைந்துவிடாது என்றாள்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாள். இனியாவின் யூனிஃபார்ம் இங்கே கொடியில் இருக்கிறதே என்றேன். அண்ணி புதிதாக ஒரு செட் வாங்கிக் கொடுத்துவிட்டாராம்.

ஜனவரி 20, வெள்ளி

நான் செய்கிற வேலையைப் பற்றி எழுதி வைக்கிறேன். பிள்ளைகள் பிற்காலத்தில் படித்தால் தெரியட்டும்.

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து நாயக் பதவியில், நாயக் முனிரத்தினம் என்று ஓய்வு பெற்றேன். அதில் கடைசி ஆறு வருஷம் எங்கள் கம்பெனியின் ஆயுதக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. துப்பாக்கிகள் ஒரு கட்டடம், தோட்டாக்கள் வேறு கட்டடம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒரே ஆள் தனியாகத் திறக்க முடியாது. காலையும் மாலையும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு தோட்டா குறைந்ததில்லை. கர்னல் கையால் பாராட்டுக் கடிதம் வாங்கியிருக்கிறேன்.

இப்போது காட்பாடியில் ஒரு பேங்க் வாசலில் காவல். ஏஜென்சி மூலமாகத்தான். துப்பாக்கி என் சொந்தம், லைசென்ஸ் என் பேரில். டபுள் பேரல். துப்பாக்கி இருப்பதால்தான் நான் 'கன்மேன்'. இல்லாவிட்டால் வாட்ச்மேன். டூட்டி முடிந்ததும் தோட்டாக்களை எடுத்துவிட்டு, ரெக்சின் உறையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் வந்துவிடுவேன்.

வீட்டில் அதற்கு இடம் பீரோவுக்குப் பின்னால். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, துப்பாக்கிக்கென்றே விட்டதுபோல. தோட்டாப் பை பீரோ மேலே. ஏழு வருஷமாக அதுதான் ஏற்பாடு. பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஒரு அதட்டு போதும்.

ஜனவரி 22, ஞாயிறு

சுவர் வேலை. படுக்கையறைக் கிழக்குச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். இனியாவின் தலைக்கு ஒரு முழம் மேலே. உள்ளே இருந்ததை ஸ்க்ரூ டிரைவரால் நோண்டி எடுத்துவிட்டு, ஒரு சட்டி கலவை குழைத்துப் பூசினேன். காய்ந்ததும் பெயிண்ட் அடித்தேன். நிறம் சேரவில்லை. ஹாலில் இருந்த காலண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டினேன்.

மணல் அள்ளும்போது எதிர்வீட்டு சகாயமேரி அக்கா வந்து நின்றார். "போகிக்கு மொத நாளு உங்க வீட்ல இன்னா சத்தம் அது? எங்க வீட்டு ஜன்னலே அதிர்ந்துச்சே."

பிள்ளைகள் தெரியாமல் வீட்டுக்குள் வெடி கொளுத்திவிட்டார்கள் என்றேன். அக்கா என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். சரி என்று போய்விட்டார்.

ஜனவரி 24, செவ்வாய்

பால் வாங்க ஸ்டேஷன் பக்கம் போனேன். ஜோலார்பேட்டை பக்கமிருந்து வரும் பாசஞ்சர் பத்து நிமிடம் தாமதம்.

ஜனவரி 26, வியாழன்

பேங்கில் கொடியேற்றம். மேனேஜர் என்னைத்தான் கயிறு இழுக்கச் சொன்னார். முடிந்ததும் நேராக இனியாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். குழந்தைகள் மிட்டாயோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அமுதா வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். மெலிந்திருக்கிறாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

இனியா ஓடிவந்து என் வலப்பக்கம் நின்றவள், சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். "இந்தப் பக்கம் நடக்கறேன்ப்பா. அந்தப் பக்கம்னா நீ பேசறது விழாது" என்றாள். எட்டு வயதுப் பெண். தெரு மாறி நடப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

காது டாக்டரிடம் இரண்டு தடவை போய்வந்துவிட்டார்களாம். இடது காதின் சவ்வு கிழிந்திருக்கிறது, ஆறிவிடும், ஆனால் சன்னமான சத்தங்கள் திரும்ப வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றிருக்கிறார். டாக்டரிடம் அமுதா பட்டாசு என்றே சொல்லியிருக்கிறாள். எனக்காகச் சொன்னாளா, உண்மையைச் சொல்ல அவளுக்கே வாய் வரவில்லையா, நான் கேட்கவில்லை.

தம்பி எப்படி இருக்கிறான் என்று இனியாவிடம் கேட்டேன்.

"யார் கூடவும் பேசறதில்லப்பா. மாமா டிவி போட்டா எழுந்து போயிடறான்."

ஸ்டேஷன் வரை கூடப் போனேன். ரயில் வந்ததும் இனியா ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். அமுதா தலையைக் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ரயில் போகும்வரை தேடினாள்.

ஜனவரி 29, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நம் டைரி, யார் படிக்கப்போகிறார்கள்.

ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. மறுநாளிலிருந்து தொடர்ந்து விடுமுறை என்பதால் பேங்கில் கூட்டம். மூடுவதற்கு ஆறு மணி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பொங்கல் துணி எடுக்க அன்றைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். அவசரம். டூட்டியின்போது இரண்டு குழலிலும் தோட்டா இருக்கும். கிளம்பும்போது திறந்து எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு எடுக்கவில்லை. எடுத்ததாக நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

வந்தேன், பீரோவுக்குப் பின்னால் சாய்த்தேன், குளிக்கப் போனேன். அமுதா அடுப்படியில். தெருவில் பிள்ளைகள் போகி மேளம் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

தருண் அதை வெளியே இழுத்துக் கட்டில்மேல் போட்டிருக்கிறான். இனியா ஓடிப்போய், வைடா, அப்பா திட்டுவார் என்று பிடுங்கப் பார்த்திருக்கிறாள். சத்தம் கேட்டு நான் ஈரத்தோடு வந்தபோது அறை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. இனியா காதைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தாள். அவள் தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருந்தது. ரத்தம் இல்லை. தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன், எங்கும் ரத்தம் இல்லை. ஒரு முழம். அவ்வளவுதான்.

அமுதா இரவெல்லாம் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை துணிமணிகளை எடுத்து வைத்தாள்.

அந்தத் துப்பாக்கியில் பின்புறம் ஒரு பித்தான் உண்டு. அதை முன்னால் தள்ளாமல் விசை இயங்காது. ஐந்து வயதுப் பையனுக்கு அதைத் தள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. போன ஆயுத பூஜை அன்று துப்பாக்கிக்குப் பொட்டு வைத்து, அவனை மடியில் உட்காரவைத்து, இங்கே தள்ளு, இந்தக் கண்ணை மூடு, இங்கே இழு என்று காட்டினேன். போட்டோ எடுத்து ஆறு மாதமாக... இல்லை, மூன்று மாதமாக வாட்ஸாப்பில் என் படமாக வைத்திருக்கிறேன். பட்டாளத்துக்காரன் பிள்ளை என்று எல்லோரும் போட்டார்கள். அமுதா மட்டும் இந்தப் படம் வேண்டாமே என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஜனவரி 31, செவ்வாய்

படத்தை எடுத்துவிட்டேன். பால் வாங்கப் போகவில்லை. ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று பார்த்தேன். பால் வாங்க ஒருநாளும் அங்கே போனதில்லை, நம் தெரு முனையிலேயே பால் பூத் இருக்கிறது. அமுதா இனியாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தைத் தாண்டிப் போனாள். இன்று இனியாவுக்கு இரட்டைப் பின்னல்.

பிப்ரவரி 4, சனி

பெட்டி வந்துவிட்டது. வெல்டிங் பட்டறை நூருல்லா பாயிடம் சொல்லிச் செய்தேன். கனமான தகடு. எட்டு போல்ட் போட்டுச் சுவரோடு முடுக்கியிருக்கிறேன், நான்கு ஆள் இழுத்தாலும் அசையாது. துப்பாக்கியை மூன்றாகப் பிரித்து உள்ளே வைத்தாகிவிட்டது. தோட்டாக்களுக்குத் தனியாகச் சின்னப் பெட்டி, அது அடுப்படிப் பரண்மேல். இரண்டுக்கும் வேறு வேறு பூட்டு. ஒரு சாவி என் அரைஞாண் கயிற்றில், இன்னொன்று அமுதாவுக்கு. பட்டாளத்து ஏற்பாடு அப்படியே. என்னால் தனியாக நிரப்பவே முடியாது.

பூட்டி, திறந்து, மறுபடி பூட்டிப் பார்த்தேன். ஏழு வருஷம் முன்னால் செய்திருக்க வேண்டியது. பாய் அரைநாளில் செய்துவிட்டார்.

எல்லாப் பக்கமிருந்தும் போட்டோ எடுத்து அமுதாவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. போட்டோவில் சரியாகத் தெரியவில்லையோ என்னவோ. நாளைக்கு நேரில் போய்ச் சொல்கிறேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

தைப்பூசம். குடியாத்தம் போய்வந்தேன்.

லோகநாதன் மச்சான் வாசலுக்கே வந்து, "வாங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். நடந்தது அவருக்குத் தெரியும், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. இனியா நான் வாங்கிப்போன வேர்க்கடலை உருண்டையைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். தருண் கதவுக்குப் பின்னால் நின்றான். வாடா என்று கை நீட்டினேன். அவன் வரவில்லை. கால்சட்டை நனைந்து தரையில் ஈரம் பரவுவதை நான்தான் முதலில் பார்த்தேன். அமுதாவின் அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அமுதாவிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். தகட்டின் கனம், போல்ட், பூட்டு, எல்லாம். மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனேன். சாவியை எடுத்து அவள்முன் வைத்தேன். அவள் சாவியைத் தொடவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கும். நீங்க செஞ்சா சரியாத்தான் செய்வீங்க" என்றாள். பிறகு, "அன்னிக்கு அவன்கிட்ட என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

யாரிடம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பதற்றத்தில் என்ன சொன்னேனோ, ஞாபகம் இல்லை என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 6, திங்கள்

ஞாபகம் இருக்கிறது.

பிப்ரவரி 9, வியாழன்

இனியாவுக்கு ரத்தம் இல்லை என்று தெரிந்ததும் திரும்பினேன். தருண் கட்டிலின் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றான். அழக்கூட இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்தேன். ஒரு அடி இல்லை. அமுதா வந்து குறுக்கே விழும்வரை அடித்தேன். அடிக்கும்போது சொன்னேன்: "நீதாண்டா அக்காவக் கொல்லப் பாத்தே. போலீஸ் வந்து உன்னப் புடிச்சிட்டுப் போகட்டும்."

தோட்டாவை விட்டுவைத்தது நான். எட்டுகிற இடத்தில் வைத்தது நான். இழுக்கச் சொல்லிக்கொடுத்தது நான். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் தூக்கி அவன்மேல் போட்டுவிட்டேன். அவனும் வாங்கிக்கொண்டான். குழந்தை, நாம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும்.

இந்த ஒரு மாதமாக அவள் காத்திருப்பது பெட்டிக்காக இல்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

மறுபடி குடியாத்தம். வருவதாக முன்கூட்டியே சொல்லவில்லை.

தருண் மொட்டை மாடியில் இருப்பதாக மச்சான் சொன்னார். மேலே போனேன். காயப்போட்ட புடவைகளுக்கு நடுவே உட்கார்ந்து, செங்கல் துண்டால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். கிட்டே போகாமல் படிக்கட்டின் மேல்படியிலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் எத்தனையோ பேர் முன்னால் பேசியிருக்கிறேன். இங்கே முதல் வார்த்தைக்கே தேட வேண்டியிருந்தது.

"தருண், அன்னிக்கு நடந்தது உன் தப்பு இல்ல" என்றேன். "அப்பா தப்பு. தோட்டாவ எடுக்காம வெச்சது அப்பா. உனக்கு அதைத் தொடச் சொல்லிக் குடுத்ததும் அப்பாதான். அப்புறம் உன்ன அடிச்சது. அது எல்லாத்தையும்விடப் பெரிய தப்பு. நான் சொன்னது பொய்டா. நீ அக்காவ ஒண்ணும் பண்ணல."

அவன் கோடு கிழித்துக்கொண்டே இருந்தான். காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. ஒரு புடவை காற்றில் எழுந்து அவனை மறைத்து, விலகியது. அப்போது என்னைப் பார்க்காமலே கேட்டான்.

"போலீஸ் எப்ப வரும்?"

"உன்னத் தேடி வரமாட்டாங்க. தப்பு பண்ணது நான்தானே. வந்தா என்னத்தான் கேப்பாங்க."

"உன்ன ஏன் இன்னும் கேக்கல?"

"அவங்களுக்குத் தெரியாது."

"நீ சொல்லலையா?"

"சொல்லல."

செங்கல் துண்டைக் கீழே வைத்தான்.

"அப்ப நான்னுதானே நெனச்சிக்குவாங்க" என்றான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினான். இவ்வளவுதான் பேசினான். கீழே வந்து அமுதாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன், போலீஸ் ஸ்டேஷனுக்கு என்றேன். வேலை போய்விடும், லைசென்ஸ் போய்விடும், கேஸ் வரலாம் என்றும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் செருப்பு மாட்டும்போது வாசல்வரை வந்தாள். இந்த ஒரு மாதத்தில் வாசல்வரை வந்தது இன்றுதான்.

பிப்ரவரி 13, திங்கள்

ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். இன்ஸ்பெக்டர் ஒரு பெண். உறையைப் பிரித்து மூன்று பாகங்களையும் மேசைமேல் வைத்தேன். தோட்டாப் பெட்டியைத் தனியாக வைத்தேன். லைசென்ஸைப் பக்கத்தில் வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று தோன்றியதால் ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் முழுக்கக் கேட்டார். "நடந்து ஒரு மாசம் ஆச்சு. இப்ப ஏன் வந்தீங்க?"

"எங்க பையன் போலீஸ் வரும்னு தினம் பயந்துட்டு இருக்கான் மேடம்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு தலை நிமிராமல், சுட்டது யார் என்று எழுதுவது என்று கேட்டார். அந்தக் காகிதத்தில் அவன் பேர் ஏறிவிடும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துவிட்டு ஏட்டிடம் சொன்னார்: "தோட்டா நிரப்பின துப்பாக்கிய கொழந்தைங்க எடுக்கற மாதிரி வெச்சவர் முனிரத்தினம். அத மொதல்ல எழுதுங்க. மத்தது அப்புறம்."

துப்பாக்கிக்கு ரசீது கொடுத்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு எழுதுகிறார்களாம், அங்கிருந்து நோட்டீஸ் வரும், கூப்பிடும்போதெல்லாம் வர வேண்டும் என்றார்கள். என் பெண்ணுக்குக் காது எப்படி இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கடைசியாகக் கேட்டார். சொன்னேன். தனக்கும் வீட்டில் இரண்டு பேர் என்றார். பிறகு வேறு ஃபைலை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது. ஏழு வருஷம் இடது தோளில் கனம் வைத்தே ஓட்டியவன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

சாயங்காலம் ஐந்தரைக்கு அமுதாவின் நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது. தருண் என்று தெரிந்துகொண்டேன்.

போய்ச் சொல்லிவிட்டேன் என்றேன். எல்லாம் எழுதிக்கொண்டார்கள், அப்பா செய்த தப்பு என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"உள்ள போட்டாங்களா?"

"இல்ல. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. திரும்பக் கூப்பிட்டா போகணும்."

"சாப்பாடு போட்டாங்களா?"

டீ கொடுத்தார்கள் என்றேன். உண்மையில் கொடுக்கவில்லை. பிள்ளையிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று நினைத்திருந்தேன், அதற்குள் ஒன்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, புதன்

பேங்க் வேலை போய்விட்டது. ஏஜென்சி சூபர்வைசர் நல்லவிதமாகத்தான் பேசினார். ஒரு ஜவுளிக் கடை வாசலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த ஆள் கேட்டார்களாம், அங்கே அனுப்பியிருக்கிறார். கையில் விசில். முதல் நாள் அதை வாயில் வைக்கக் கூச்சமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது.

பழைய மேனேஜர் மனைவியோடு துணி எடுக்க வந்தார். காரை நிறுத்த இடம் காட்டினேன். அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது.

சகாயமேரி அக்காவிடமும் சொல்லிவிட்டேன். வெடி இல்லை அக்கா, துப்பாக்கி என்றேன். தெரியும் என்றார். அன்றைக்கே தெரியும், பிள்ளையின் தலைச் சுண்ணாம்பை அமுதா வாசலில் வைத்துத் தட்டிவிட்டதைப் பார்த்தேன் என்றார். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்தேன் என்றார்.

பிப்ரவரி 26, ஞாயிறு

குடியாத்தம். தருண் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். நடுவில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தான். அதில் இனியா வந்து உட்காரப் போனாள், அமுதா கண்ணைக் காட்டி அவளை வேறு பக்கம் உட்காரச் சொன்னாள். அந்த இடம் காலியாகவே இருந்தது.

துப்பாக்கியைத் திரும்பக் கொடுத்தால் வாங்குவீர்களா என்று மச்சான் கேட்டார். இல்லை என்று சொல்ல நினைத்தேன். வாங்கி விற்றுவிடுவேன் என்றேன். அதையே எழுதியும் கொடுக்கப்போகிறேன்.

மார்ச் 2, வியாழன்

துணி துவைத்தேன். இனியாவின் பழைய யூனிஃபார்மையும் சேர்த்துத் துவைத்து மடித்து வைத்தேன். அழுக்கு இல்லை.

மார்ச் 4, சனி

அமுதா போன். நாளை மூன்று பேரும் வருகிறார்களாம். சாயங்காலமே திரும்பிவிடுவார்களாம். அரைக் கிலோ மீன் வாங்கவா என்றேன். முள் இல்லாததாக வாங்குங்கள், அவனுக்கு என்றாள்.

மார்ச் 6, திங்கள், காலை

டைரி காட்பாடியில் இருக்கிறது. இது இனியாவின் ரஃப் நோட்டில் கிழித்த தாள். பிறகு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நேற்று வந்தார்கள். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்தேன். படுக்கையறைக்குள் வர தருணுக்கு மனம் இருக்காது என்று தெரியும். வாசலில் கொஞ்ச நேரம் நின்று, அமுதாவின் புடவையைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தான். அந்த அறைப் பக்கம் திரும்பவே இல்லை. அமுதாதான் அடுப்படியில் புகுந்து, எண்ணெய்ப் பிசுக்கை இப்படியா விட்டு வைப்பது என்று என்னைத் திட்டினாள். ஏழு வாரத்துக்குப் பிறகு ஒரு திட்டு. நான் பேசாமல் வாங்கிக்கொண்டேன். சந்தோஷத்தைக் காட்டினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

இனியாவுக்குக் காதில் சவ்வு கூடிவிட்டது. கடிகாரத்தின் சத்தம் மட்டும் அந்தக் காதில் கேட்பதில்லை என்றாள். தருண் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்து, அது அப்பாவால் என்றேன். மறுபடி சொன்னேன். எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தாலும் சொல்வேன்.

எப்போது திரும்ப வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாப்பிடும்போது அமுதாவே, "இனியா பரீட்சை முடியட்டும்" என்றாள். வருகிறேன் என்பது அதில் இருக்கிறதா, தள்ளிப்போடுவது இருக்கிறதா தெரியவில்லை. முடியட்டும் என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். பாதி வழியில் தருணுக்குக் கால் வலித்தது. அமுதாவிடம்தான் கையை உயர்த்தினான். அவள் இரண்டு கையிலும் பை. அவன் என்னைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். நான் குனிந்தேன். ஏறிக்கொண்டான். மேம்பாலம் ஏறுவதற்குள் தலை என் தோளில் விழுந்துவிட்டது. தூங்கும் பிள்ளையின் கனம் இவ்வளவு என்று மறந்திருந்தேன்.

ரயில் வந்தது. இனியா ஏறி இடம் பிடித்தாள். ஜன்னல் வழியாக அவனைக் கொடுக்கலாமா, ஏறிக் கொடுத்துவிட்டு இறங்கலாமா என்று யோசித்து, ஏறினேன். அமுதா கை நீட்டினாள். அவன் விரல்கள் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன், தூக்கத்திலேயே மறுபடி பிடித்துக்கொண்டான். அமுதா அந்தக் கையையே பார்த்தாள். பிறகு நீட்டிய கையை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எழுப்ப வேணாம். உக்காருங்க" என்றாள்.

டிக்கெட் எடுக்கவில்லையே என்றேன். வந்து கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். யாரும் வந்து கேட்கவில்லை.

இப்போது ஆறரை. மச்சானின் கைலியைக் கட்டிக்கொண்டு கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். ஜவுளிக் கடைக்குப் பத்து மணிக்குப் போனால் போதும், இனியாவைக் கூட்டிப்போகும் ரயிலிலேயே போகலாம். அடுப்படியில் அமுதாவும் அண்ணியும் தோசைக்கு என்ன அரைப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

தருண் பக்கத்தில் தூங்குகிறான். சற்றுமுன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். முகம் எப்படி மாறும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நீ போலயா?" என்றான்.

"இல்ல."

கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு புரண்டு, காலைத் தூக்கி என் மடிமேல் போட்டுக்கொண்டு, திரும்பத் தூங்கிவிட்டான். கால் நழுவிவிடாமல், அசையாமல் எழுதுவதால் கையெழுத்து கோணலாக வருகிறது.